48 பிளாக்கும் வருது, ஆனா கூட்டிப் பாத்தா நாள் கணக்கு உதைக்குது: எச்இஎஸ்-எம்டிஎம் சிஐஎம் இன்டகிரேஷன், உதவி வேணும்

மின்பொறி_84
வணக்கம் மக்களே. ஒரு டிஸ்காமோட (மின் விநியோக நிறுவனம்) ஸ்மார்ட் மீட்டர் வேலைல இன்டகிரேஷன் பக்கம் இருக்கேன். மீட்டர்ல இருந்து எச்இஎஸ் (மீட்டர்கள்கிட்ட பேசி ரீடிங் வாங்குற சிஸ்டம்) டேட்டா எடுக்குது, அதை ஐஇசி 61968-9 (சிஐஎம்னு சொல்ற, மின்துறை சாஃப்ட்வேர்களுக்குப் பொதுவான டேட்டா மாடல்ல மீட்டர் பகுதி) படி மீட்டர் ரீடிங்ஸ் எக்ஸ்எம்எல்லா எம்டிஎம்முக்கு (ரீடிங்கைச் சேத்து வச்சு சரிபாக்குற சிஸ்டம்) அனுப்புது. ரெண்டும் வேற வேற கம்பெனி, ரெண்டு பேருமே "நாங்க சிஐஎம் கம்ப்ளையன்ட்"னு எழுதிக் குடுத்திருக்காங்க. எக்ஸ்எஸ்டி வேலிடேஷன் (எக்ஸ்எம்எல் வடிவம் சரியான்னு பாக்குற சோதனை) ஒரு எரர் இல்லாம பாஸ் ஆகுது.

பிரச்சனை என்னன்னா 30 நிமிஷ பிளாக் 48-ஐயும் கூட்டுனா நாள் கணக்கோட ஒட்டல. ஒரு மீட்டர் சொல்றேன், 12ஆம் தேதி 00:00க்கு ரிஜிஸ்டர் (மீட்டர் காட்டுற மொத்த ரீடிங்) 4821.60, 13ஆம் தேதி 00:00க்கு 4830.10, ஆக 8.5 யூனிட், ஆனா எம்டிஎம்ல பிளாக் கூட்டுத்தொகை 8.1 தான். இன்னொரு மீட்டர்ல கூடுதலா வருது. ஒரு நாள் கூடும், மறுநாள் குறையும். பிளாக் எதுவும் மிஸ் ஆகாததால அலாரமும் வரல. மூணு நாளா இதோடயே மல்லுக்கட்டிட்டு இருக்கேன், எங்க பாக்கணும்னு யாராவது சொல்லுங்க.

ஓபிஸ்_கோட்
முதல்ல ரீடிங் டைப் கோடு (எதை, எந்த யூனிட்ல அளக்குதுன்னு சொல்ற எண் வரிசை) என்னன்னு போடுங்க ப்ரோ. 18 எண்ணும் வேணும். அப்புறம் ஸ்கேலர் (மீட்டர் குடுக்குற எண்ணை நிஜ அளவா மாத்துற பெருக்கு எண்) எங்க பெருக்குறீங்க? ஐஎஸ் 15959 (இந்திய மீட்டர் ஸ்டாண்டர்ட்) மீட்டர்ல பிளாக் லோட் புரொபைலுக்கு (அரை மணி ரீடிங் பட்டியல்) ஸ்கேலர் தனி புரொபைல்ல தான் இருக்கும், அதை விட்டாலோ ரெண்டு தடவை பெருக்குனாலோ அளவு தப்பும்.

மின்பொறி_84
0.0.5.4.1.1.12.0.0.0.0.0.0.0.0.3.72.0 ப்ரோ. மூணாவது எண் 5 அரை மணி நேரம், நாலாவது 4 டெல்டா (அந்த அரை மணில மட்டும் ஓடுனது), கடைசில 3, 72 சேந்து கிலோவாட் அவர். ரெண்டு பக்கமும் இதே தான். ஸ்கேலர் சரியா இருக்கு, தப்பா இருந்தா பத்து மடங்கு ஆயிரம் மடங்குன்னு வரணும், இது 0.4 தானே இடிக்குது.

நள்ளிரவு_ரீடிங்
தம்பி, 11ஆம் தேதி கடைசி அரை மணி நேரமும் (23:30ல இருந்து 00:00) 12ஆம் தேதி கடைசி அரை மணி நேரமும் எவ்வளவுன்னு மீட்டர்லயே பாத்து சொல்லு.

மின்பொறி_84
அண்ணா, 11ஆம் தேதி 0.2, 12ஆம் தேதி 0.6.

நள்ளிரவு_ரீடிங்
அப்போ அதான். 8.5ல 0.6 போய் 0.2 வந்தா 8.1, உன் கணக்கு அப்படியே வருது பாரு. மீட்டர் அரை மணி முடியறப்போ தான் பிளாக்கைப் பதியும், அதனால டைம்ஸ்டாம்ப் பிளாக்கோட முடிவு நேரம். 61968-9லயும் முடிவு நேரம் தான். உன் எம்டிஎம் அதைத் தொடக்க நேரம்னு எடுத்துக்குது, அதனால 12ஆம் தேதி 00:00 முத்திரை போட்ட பிளாக்கை, அது நிஜத்துல 11ஆம் தேதி ராத்திரியோடது, 12ல சேத்துட்டு 12ஓட கடைசி பிளாக்கை 13க்குத் தள்ளிடுது. எண்ணிக்கை ரெண்டு விதத்துலயும் 48 தான், அப்புறம் அலாரம் எப்படி அடிக்கும். அமெரிக்காவுல கிரீன் பட்டன் ஃபார்மட்ல தொடக்க நேரமும் எவ்வளவு நேரம்ங்கிறதும் தான் போகும், அந்த மாதிரி டேட்டாவுக்கு எழுதின கோடை இங்க கொண்டுவந்து வச்சிருப்பாங்கன்னு நினைக்கிறேன்.

இன்னொன்னு. எல்லா மீட்டர் மேக்குக்கும் (தயாரிப்பு கம்பெனி) லோட் கிராஃப் ஒரு தடவை போட்டுப் பாரு. பீக் எப்போ வருது?

மின்பொறி_84
அண்ணா கை நடுங்குது, ரொம்ப நன்றி. கிராஃப் போட்டேன். ஒரு மேக் மீட்டர் மட்டும் சாயங்காலம் 7 மணி பீக் நடுராத்திரி 12:30க்கு வருது!

நள்ளிரவு_ரீடிங்
அஞ்சரை மணி நேரம், 11 பிளாக். அந்த மேக்குக்கு எச்இஎஸ் +05:30ங்கிற இந்திய நேர ஆஃப்செட்டைப் போடாம வெறும் நேரத்தை அனுப்புது, எம்டிஎம் அதை யூடிசின்னு (உலகப் பொது நேரம்) எடுத்துக்குது. இதை இன்னைக்கே சரி பண்ணுங்க, சும்மா ரிப்போர்ட் அழகா இருக்கணும்னு சொல்லல. 2023ல வந்த மின் நுகர்வோர் உரிமை விதித் திருத்தப்படி பீக் நேரத்துக்கு வணிகம் தொழிற்சாலைன்னா குறைஞ்சது 1.20 மடங்கு, மத்தவங்களுக்கு 1.10 மடங்கு கட்டணம் (விவசாயம் தவிர), பகல் சோலார் நேரத்துக்கு குறைவு. மதியம் 2 மணிக்கு ஒரு தையல் கடைல ஓடுன மெஷின் உங்க சிஸ்டத்துல ராத்திரி 7:30க்கு ஓடுனதா ஆயிடும். அந்தக் கடைக்காரர் எங்க போய் இதை நிரூபிப்பார்?

கேபிள்_வழி
இதுக்குத் தான் நான் சிஎஸ்வி அனுப்பலாம்னு சொல்றது. இவ்வளவு பெரிய ஸ்டாண்டர்ட் வச்சும் அதே பிரச்சனை தானே.

நள்ளிரவு_ரீடிங்
சிஎஸ்விலயும் இதே 00:00 குழப்பம் வரும் சார், கூடவே காலம் பேர், யூனிட், தசமம்னு இன்னும் நாலு வரும். நாளைக்கு அவுட்டேஜ் சிஸ்டம் வரும், பில்லிங் மாறும், ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபைல் எழுதிட்டு உக்கார முடியாது. அமெரிக்க கூட்டுறவு மின் சங்கங்கள் மல்டிஸ்பீக்னு ஒண்ணு உருவாக்குனதே இதுக்குத் தான், சின்ன சங்கம் ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் தனித்தனியா ஒட்டு வேலை பாக்க காசுக்கு எங்க போகும்.

ஆனா சிஐஎம்ங்கிறது ரொம்ப அகலமானது, பாதி ஃபீல்டு போட்டாலும் போடலன்னாலும் செல்லும். அதுல எதை நாம எடுக்குறோம், எது கட்டாயம், நேரம் எப்படி எழுதணும்னு சுருக்கி எழுதுற புரொபைல் வேணும். ரெண்டு கம்பெனியும் கையெழுத்து போட்ட புரொபைல் உங்ககிட்ட இருக்கா தம்பி?

மின்பொறி_84
இல்ல அண்ணா, டெண்டர்ல ஸ்டாண்டர்ட் நம்பர் மட்டும் தான் இருக்கு.

ஓபிஸ்_கோட்
அப்போ எழுத ஆரம்பிங்க ப்ரோ. நான் ஒரு இடத்துல எழுதினப்போ எட்டு பக்கம் வந்துச்சு. டைம்ஸ்டாம்ப் முடிவு நேரம், ஆஃப்செட் இல்லன்னா மெசேஜை திருப்பி அனுப்பு, அனுமதிச்ச ரீடிங் டைப் பட்டியல், குவாலிட்டி கோடு (ரீடிங் நிஜமா, மதிப்பீடான்னு சொல்றது). ரீட்ரை பண்ணா பழைய மெசேஜ் ஐடியே போகணும்னும் எழுதுங்க, இல்லன்னா டபுளா ஏறும். முக்கியமா ஒவ்வொரு விதிக்கும் ஒரு சாம்பிள் எக்ஸ்எம்எல், நள்ளிரவைத் தாண்டுற சாம்பிள் கண்டிப்பா. எக்ஸ்எஸ்டி வடிவத்தை மட்டும் தான் பாக்கும், இதைப் பிடிக்காது.

மின்பொறி_84
அப்டேட். எம்டிஎம்ல முடிவு நேரம்னு மாத்தி, ஆஃப்செட் போட வச்சு, பழைய டேட்டாவை திரும்ப ஓட்டியாச்சு. அந்த மீட்டர் 8.5க்கு 8.5. பைலட்ல இருந்த எல்லா மீட்டரும் ஒட்டுச்சு, நாலு மட்டும் ஒட்டல. அந்த நாலும் மாசத்து நடுவுல மீட்டர் மாத்துன வீடு.

நள்ளிரவு_ரீடிங்
ரீடிங்கை மீட்டர் சீரியல் நம்பரோட கட்டி வச்சிருக்கீங்களா, யூசேஜ் பாயின்ட்டோடயா (மின்சாரம் போற அந்த இணைப்பு இடம்)? மீட்டர் மாறும், வீடு மாறாது. அந்த நாலு மெசேஜையும் சீரியல் நம்பரை மறைச்சிட்டு இங்க போடு தம்பி, பாக்கலாம்.