நமக்காகக் கோர்ட்டில் நின்ற மேடம் ஓய்வு பெறுகிறார்

தஞ்சம் கிடைத்த ஒருவர்:

மேடம் இந்த மாதத்தோடு அலுவலகத்தை மூடுகிறார். அமெரிக்காவில் 30 வருடம் குடியேற்ற வழக்குகளை மட்டுமே நடத்தியவர். அவரிடம் போனவர்கள் நடந்ததை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

தஞ்சம் கேட்பவர் நாட்டுக்குள் வந்த ஒரு வருடத்துக்குள் ஐ-589 என்ற தஞ்ச மனுப் படிவத்தைக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு இது தெரியாது. யாராவது கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று காத்திருந்தேன். மேடத்திடம் போய்ச் சேர்ந்தபோது பத்து மாதம் ஓடிவிட்டது. நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "அது அப்புறம். பாஸ்போர்ட்டைக் கொடுங்கள்" என்றார். முத்திரையைப் பார்த்து, மேசை நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினார். "53 நாள் இருக்கிறது. போதும். இப்போது சொல்லுங்கள்."

நாலு முறை சொல்ல வைத்தார். ஒவ்வொரு முறையும் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். மூன்றாம் முறைதான் அது கண்ணில் பட்டது. என்னை அடித்துப் போட்ட பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் 4-7 என்று இருந்தது. ஜூலை 4. மொழிபெயர்த்தவர் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வைத்துப் படித்து, ஏப்ரல் 7 ஆக்கியிருந்தார். "ஒரு தேதிதானே மேடம்" என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். 2005-இல் வந்த ரியல் ஐடி சட்டப்படி, வழக்கின் மையத்தைத் தொடாத சின்ன முரண்பாட்டை வைத்துக்கூட 'இவர் சொல்வதை நம்ப முடியாது' என்று நீதிபதி முடிவு செய்யலாம் என்றார். அன்று இரவு எட்டு மணி வரை இருந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்தோம். எல்லா இடத்திலும் மாதத்தை எழுத்தில் எழுத வைத்தார். விசாரணையன்று அரசுத் தரப்பு வக்கீல் தேதி தேதியாகத்தான் குடைந்தார். நான் தடுமாறவில்லை.

வழக்கு நடந்துகொண்டிருக்கும் ஒருவர்:

நான் முதலில் போனது வக்கீலிடம் இல்லை, படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவரிடம். வக்கீல் மாதிரியே பேசினார், காசும் அப்படியே வாங்கினார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு மேடத்திடம் போனபோது, தகவல் பெறும் சட்டப்படி என் கோப்பின் நகலைக் கேட்டு வாங்கினார். அதில் இருந்தது என் கதையே இல்லை. நடக்காத ஒரு கைது, எனக்கு இல்லாத ஓர் அண்ணன்.

"அப்படியே விட்டுவிடலாமே மேடம்" என்று கேட்டேன். பயம். கேட்டதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். அவர் கோபப்படவில்லை. தெரிந்தே பொய்யான தஞ்ச மனு கொடுத்ததாக நீதிபதி தீர்மானித்தால், குடியேற்றச் சலுகை எதுவும் நிரந்தரமாகக் கிடைக்காமல் போகலாம் என்று பொறுமையாகச் சொன்னார். "உண்மையைச் சொல்லப் போகிறீர்கள் என்றால் பக்கத்தில் நான் இருப்பேன். இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள்." திருத்திய வாக்குமூலத்தைக் கொடுத்த நாளில் பக்கத்தில் இருந்தார். வழக்கு முடியவில்லை. இனி அவருடைய ஜூனியர் பார்த்துக்கொள்வார். கோப்பை ஒப்படைக்கும்போது என்னையும் உட்கார வைத்து, எந்தத் தாள் எதற்கு என்று இரண்டு பேருக்கும் சேர்த்தே விளக்கினார்.

தம்பிக்காக அலைந்த ஒருத்தி:

என் தம்பி வழக்கு தோற்றது. அதையும் எழுத வேண்டும்.

குற்ற வழக்கு என்றால் வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் வைத்துக் கொடுக்கும். குடியேற்ற நீதிமன்றத்தில் பொதுவாக அது கிடையாது, தடுப்பு மையத்தில் அடைத்து வைத்திருந்தாலும். முதல் வாய்தாவில் தம்பி வீடியோத் திரைக்கு முன் தனியாக உட்கார்ந்திருந்தான். மேடம் ஃபீஸ் வாங்காமல் எடுத்தார். "ஜெயிப்பது கஷ்டம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் எடுத்தார். தீர்ப்பைப் போனில் சொல்லாமல், மூன்று மணி நேரம் காரோட்டிப் போய் அவனிடம் நேரில் சொன்னார். அவனை அனுப்புவதற்கு முன், அவன் மூக்குக்கண்ணாடியும் மாத்திரையும் அவன் கைக்கு வந்ததா என்று அதிகாரிகளை விடாமல் கேட்டதும் அவர்தான். தம்பி இப்போதும் போனில் முதலில் மேடத்தைத்தான் விசாரிப்பான்.

முதலில் எழுதியவர் மறுபடியும்:

ஒன்றை விட்டுவிட்டேன். தஞ்சம் கிடைத்து ஆறு மாதம் கழித்து மேடமே கூப்பிட்டார். "மனைவியையும் மகளையும் இங்கே வரவழைக்கும் ஐ-730 படிவத்தைக் கொடுக்க இரண்டு வருடம்தான் அவகாசம். ஏன் இன்னும் வரவில்லை?" மகளுக்கு 23 ஆகிவிட்டது, 21 தாண்டினால் பிள்ளை என்ற கணக்கில் வராது என்று யாரோ சொன்னதை நம்பி, அவள் வருவாள் என்ற நினைப்பையே விட்டிருந்தேன். நான் ஐ-589 கொடுத்த நாளில் அவளுக்கு என்ன வயதோ அதைத்தான் எடுப்பார்கள் என்றார். அன்று அவளுக்கு 20. கல்யாணமும் ஆகவில்லை.

அந்த ஐ-589 படிவத்தில் பிள்ளைகள் பெயர் எழுதும் இடம் வந்தபோது, "அவள் இங்கே இல்லையே மேடம், எதற்கு?" என்று கேட்டிருந்தேன். "இருக்கட்டும், எழுதுங்கள்" என்று பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தவர் அவர்.

மகள் வந்து இறங்கிய மறுநாள் நேராக அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன். நான் அறிமுகப்படுத்துவதற்குள் மேடம் எழுந்து வந்து, அவளைப் பெயர் சொல்லி அழைத்தார்.