பயிற்றுவிப்பாளர் சான்றிதழ்த் தேர்வு: பாடம் தெரிந்தும் மதிப்பெண் ஏறவில்லை

ஈசூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். தனிநபர் உடற்பயிற்சிப் பயிற்றுவிப்பாளர் ஆகும் எண்ணத்தில், அமெரிக்காவின் ஏஸ் அமைப்பு நடத்தும் சான்றிதழ்த் தேர்வை இன்னும் ஏழு வாரங்களில் எழுத இருக்கிறேன். மூன்று மணி நேரம், 150 கேள்விகள். அவற்றில் 125க்குத்தான் மதிப்பெண். மீதி 25 எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை, எவை என்று எழுதுபவருக்குத் தெரியாது. அளவுகோல் மதிப்பெண் 800இல் 500 எடுத்தால் தேர்ச்சி.

மூன்று மாதங்களாக வேலை முடிந்து வந்து படிக்கிறேன். தசைகளின் பெயர்கள், அவை தொடங்கும் இடம், முடியும் இடம், ஆற்றல் உருவாகும் மூன்று வழிகள் எல்லாம் மனப்பாடம். ஆனாலும் மாதிரித் தேர்வுகள் மூன்றிலும் 150க்கு 84, 88, 87 என்றுதான் வந்தது. கணக்கிட்டுப் பார்த்தால், தவறுகளில் பெரும்பாலானவை சூழலைச் சொல்லிக் கேட்கும் கேள்விகள். எடுத்துக்காட்டாக, நான்கு மாதங்களாக ஒழுங்காக நடந்துவரும் ஐம்பது வயதுப் பெண், படி இறங்கும்போது முழங்கால் வலிப்பதாகச் சொல்கிறார். பயிற்றுவிப்பாளர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தொடையின் முன்தசையை வலுப்படுத்தும் பயிற்சி என்று நான் குறித்தேன். மருத்துவரிடம் அனுப்புவது என்பது விடை. எனக்குத் தெரிந்த பாடத்தைப் பயன்படுத்தியதே தவறாகிப் போனது.

இத்தகைய கேள்விகளுக்கு எப்படித் தயாராவது? வேறு அமைப்பின் தேர்வுக்கு மாறிவிடலாமா? தமிழில் குறிப்பெடுத்துப் படிப்பது உதவுமா, குழப்புமா?

*

இரும்புத்தட்டு எழுதியது:

வணக்கம் ஈசூன்வாசி. ஒன்பது ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதே தேர்வில் முதல் முறை தோற்றவன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முழங்கால் கேள்வியில் உங்கள் தசை அறிவு தவறவில்லை. அந்தக் கேள்வி தசையைப் பற்றியதே அல்ல. பயிற்றுவிப்பாளரின் அதிகார எல்லை எங்கே முடிகிறது என்பதைத்தான் அது கேட்கிறது. வலிக்குக் காரணம் கண்டுபிடிப்பது நம் வேலை அன்று. நோய் இன்னதென்று சொல்வது, காயத்துக்குச் சிகிச்சை தருவது, நீரிழிவு உள்ளவருக்கு மூன்று வேளைக்கும் உணவுப் பட்டியல் எழுதித் தருவது, மனச்சோர்வுக்கு ஆலோசனை சொல்வது ஆகியவற்றைச் செய்யும் பயிற்றுவிப்பாளரை எந்த விடையில் கண்டாலும், அந்த விடை எவ்வளவு அறிவுப்பூர்வமாக எழுதப்பட்டிருந்தாலும், தயங்காமல் அடித்துவிடுங்கள். நான்கில் ஒன்றோ இரண்டோ அங்கேயே கழிந்துவிடும்.

எஞ்சும் இரண்டும் சரியானவைபோலத் தோன்றும்போதுதான் ‘முதலில்’ என்ற சொல் வேலை செய்கிறது. இரண்டுமே செய்ய வேண்டியவையாக இருக்கலாம். எது முந்தியது என்பதே கேள்வி. நான் வைத்துக்கொண்ட வரிசை இது: ஆபத்து ஏதும் உண்டா என்று பார்ப்பது, பிறகு அவர் பேசுவதைக் கேட்பது, பிறகு அளந்து பார்ப்பது, அதன் பிறகே பயிற்சி கொடுப்பது. நம்மைப் போன்று உடற்பயிற்சியில் ஊறியவர்கள் நான்காவது படியில் போய்க் குதித்துவிடுகிறோம். புதிதாக வந்தவருக்கு இலக்கை நாமே நிர்ணயிக்கும் விடையும், அவரிடம் விரிவாகப் பேசும்படியான கேள்வி கேட்கும் விடையும் அருகருகே இருந்தால் இரண்டாவதையே எடுங்கள். கேள், தடைகளைப் பிரித்துப் பார், சேர்ந்து திட்டமிடு என்பதுதான் ஏஸ் அமைப்பு வலியுறுத்தும் வழிமுறை.

அடுத்து, மனமாற்ற நிலைகளை விட்டுவிடாதீர்கள். புரோச்சாஸ்காவும் டிக்ளெமெண்டேயும் வகுத்த ஐந்து நிலைகள் அவை. பயிற்சியே வேண்டாம் என்பவர் முதல் நிலை; செய்யலாமா என்று இரு மனமாக இருப்பவர் இரண்டாம் நிலை; காலணி வாங்கிவிட்டு, ஆக்டிவ்எஸ்ஜி உடற்பயிற்சிக்கூடம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று விசாரிப்பவர் மூன்றாம் நிலை. ஒழுங்காகச் செய்யத் தொடங்கி ஆறு மாதம் ஆகாதவர் நான்காம் நிலை. ஆறு மாதத்தைத் தாண்டியவர் ஐந்தாம் நிலை. உங்கள் கேள்வியில் வரும் ‘நான்கு மாதங்களாக’ என்பதைப் போன்ற ஒரு சொல்லை வைத்தே விடை மாறும் கேள்விகள் உண்டு.

பேச்சுச் சோதனையும் அப்படித்தான். ஈசூன் குளத்தைச் சுற்றி நடக்கும் இரண்டு மாமிகள் மருமகளைப் பற்றி முழு வாக்கியங்களில் தடையின்றிப் பேசிக்கொண்டு போனால், அவர்கள் மூச்சு வாங்கும் முதல் எல்லைக்குக் கீழே இருக்கிறார்கள். பேச முடிகிறது, ஆனால் சிரமமாக இருக்கிறது என்றால் முதல் எல்லைக்கும் இரண்டாம் எல்லைக்கும் இடையில். ஓரிரு சொற்களுக்கு மேல் வாய் வரவில்லை என்றால் இரண்டாம் எல்லையைத் தாண்டிவிட்டார்கள். ஏஸ் முறையில் இதய நுரையீரல் பயிற்சியின் மூன்று கட்டங்களும் இந்த இரண்டு எல்லைகளை வைத்தே பிரிக்கப்படுகின்றன. இதைப் புரிந்துகொண்டால் ஒரு பெரிய பகுதி தானாகவே அடங்கிவிடும்.

தேர்வை மாற்ற வேண்டாம். என்ஏஎஸ்எம் என்ற இன்னோர் அமெரிக்க அமைப்பின் தேர்வில் 120 கேள்விகள், இரண்டு மணி நேரம். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் அதன் ஐந்து கட்டப் பயிற்சி முறையையும், எந்தத் தசை இறுகியிருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்ற பட்டியலையும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். (அந்தப் பெயரை எங்கள் துறையில் ‘நாஸம்’ என்று சேர்த்துச் சொல்வார்கள். நான் அதை எழுதப்போகிறேன் என்றதும் என் அம்மா, “ஏன்டா விடிந்ததும் விடியாததுமாக நாசம் என்கிறாய்?” என்றார்.)

*

ஓய்வுபெற்றதாதி எழுதியது:

தம்பி, மேலே எழுதியவர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பலதுறை மருந்தகத்தில் நீண்ட காலம் வேலை செய்தவள் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஒன்று, மருந்து. கேள்வியில் வாடிக்கையாளர் பீட்டா தடுப்பு மாத்திரை உட்கொள்கிறார் என்று ஒரு வரி வந்தால், இதயத் துடிப்பைக் கொண்டு பயிற்சியின் கடுமையை அளக்கும் விடைகள் எல்லாம் பயனற்றவை. அந்த மாத்திரை ஓய்வில் இருக்கும்போதும் பயிற்சியின்போதும் துடிப்பைக் குறைத்துவிடுவதால், அவர் மிகவும் களைத்திருந்தாலும் கைக்கடிகாரத்தில் எண் ஏறாது. அவரே உணரும் சிரமத்தை எண்ணாகச் சொல்லச் சொல்வதோ பேச்சுச் சோதனையோதான் பொருந்தும். அந்தச் சிரமத்தை அளக்கும் போர்க் அளவுகோல் 6 முதல் 20 வரை செல்வது. 0 முதல் 10 வரை செல்லும் அளவுகோலும் உண்டு. கேள்வியில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 7 என்பது ஒன்றில் மிக லேசானது, மற்றதில் மிகக் கடினமானது.

இன்னொன்று, சிங்கப்பூரில் நமக்குப் பழகிய எண்கள் அந்தத் தேர்வில் செல்லாது. 1.72 மீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ளவரின் உடல் எடைக் குறியீடு ஏறத்தாழ 23.7. அமெரிக்க அட்டவணையில் அவர் இயல்பான எடையுள்ளவர், ஏனென்றால் அங்கே 25இல்தான் கூடுதல் எடை தொடங்குகிறது. இங்கேயோ 23இலிருந்தே மிதமான அபாயம், 27.5இலிருந்து அதிக அபாயம். அதே குறியீட்டில் ஆசியர்களின் உடலில் கொழுப்பு அதிகமாக இருப்பதும், நீரிழிவும் இதயநோயும் முன்னதாகவே வருவதும்தான் காரணம். இடுப்புச் சுற்றளவும் அப்படியே: அவர்களுக்கு ஆண் 102, பெண் 88 சென்டிமீட்டர், நமக்கு 90, 80. இரத்த அழுத்தத்தில் 2017க்குப் பிந்தைய அமெரிக்க வகைப்பாடு 130/80ஐயே உயர் அழுத்தத்தின் முதல் கட்டம் என்கிறது. நம் மருந்தகங்களில் பலரும் 140/90 என்றே கேட்டுப் பழகியிருக்கிறோம். தேர்வுத் தாளில் அவர்களுடைய எண்ணை எழுதுங்கள். பின்னாளில் தேக்காவிலிருந்து ஒரு மாமா உங்களிடம் பயிற்சிக்கு வரும்போது நம்முடைய எண்ணைப் பாருங்கள்.

*

மூன்றுநிலையம் எழுதியது:

தமிழில் குறிப்பெடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. தசைப் பெயர்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு என்பது என் கருத்து. தேர்வுத் திரையில் குளூட்டியஸ் மீடியஸ் என்றுதான் வரும். ‘நடுப் பிட்டத்தசை’ என்று படித்துவைத்தால், அவசரத்தில் திரும்ப மொழிபெயர்க்க வேண்டியிருக்கும். பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் தமிழில் உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஒற்றைக் காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு சாய்ந்துவிடாமல் பிடித்துவைப்பது அது. வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்றால் புரியவில்லை என்று பொருள்.

நாம் தேசிய சேவைக்கான ஐபிபிடி உடலுறுதித் தேர்வில் ஆண்டுதோறும் செய்யும் மூன்று நிலையங்களே எனக்குப் பாடப்புத்தகமாக இருந்தன. உடலைத் தூக்கி அமர்வது முன்னும் பின்னுமான தளத்தில் நடக்கும் அசைவு. தண்டால் எடுப்பதும் அதே தளம் என்றுதான் பத்தில் எட்டுப் பேர் சொல்வார்கள். ஆனால் மேற்கை கிடைமட்டமாக உள்நோக்கி வருவதால் தோள்மூட்டின் அசைவு குறுக்குத் தளத்தில் நடக்கிறது. 2.4 கிலோமீட்டர் ஓட்டம் பெரும்பாலும் உயிர்வளியைக் கொண்டு ஆற்றல் பெறுவது. ஒரு நிமிடம் இடைவிடாமல் தண்டால் எடுக்கும்போது கையில் ஏறும் எரிச்சல் வேறொரு வழியின் வேலை, குளுக்கோஸ் விரைந்து உடையும் வழி. ஓட்டத்தின் முடிவில் வரும் கடைசி ஐந்தாறு நொடிப் பாய்ச்சலுக்கு அதையும் விட வேகமான பாஸ்பேட் வழி கைகொடுக்கிறது. நேரத்தைக் கொண்டு பார்த்தால் மூன்றும் குழம்பாது.

படி இறங்கும்போது முன்தொடை வேலை செய்வது நீண்டுகொண்டே இறுகும் வகை. ஏறும்போது குறுகிக்கொண்டே இறுகும் வகை. மின்தூக்கி இருக்கிறதே என்று பார்க்காமல் உங்கள் புளோக்கில் ஒரு முறை தொடையில் கைவைத்துக்கொண்டு இறங்கிப் பாருங்கள்.

*

இரும்புத்தட்டு எழுதியது:

தண்டால் பற்றி மேலே சொன்னது சரி. என்னையும் அந்தக் கேள்வி ஒரு முறை வீழ்த்தியது. மொழியைப் பற்றி மட்டும் சற்று மாறுபடுகிறேன். எலும்பு, தசைப் பெயர்களுக்கு அவர் சொல்வது பொருந்தும். மனமாற்ற நிலைகள், உந்துதல் போன்ற உளவியல் பகுதிக்கு நான் தமிழிலேயே குறிப்பெடுத்தேன். அங்கே ஆங்கிலப் பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழப்புகின்றன. தமிழில் நாமே ஒரு பெயர் வைத்தால் தனித்தனியாக நிற்கின்றன.

*

கோப்பிஓ எழுதியது:

நடைமுறைச் செய்தி ஒன்று. தேர்வு எழுதுவதற்கு இதய இயக்க மீட்பு (சிபிஆர்) சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இணையத்தில் மட்டும் பார்த்து வாங்கும் சான்றிதழை ஏஸ் ஏற்பதில்லை. பொம்மையின் மார்பை அழுத்திக் காட்டும் நேரடி வகுப்பாக இருப்பது அவசியம். வார இறுதி வகுப்புகள் விரைவில் நிறைந்துவிடுவதால் இப்போதே பதிவு செய்யுங்கள். திறன் பயிற்சிக்கு அரசாங்கம் தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையைப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட வகுப்பாக அவர்களுடைய தளத்தில் பட்டியலிடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளிநாட்டு அமைப்பிடம் நேராகப் பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காது. நான் அப்படித்தான் ஏமாந்தேன்.

*

ஈசூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு மூன்று மாதிரித் தேர்வுகளிலும் தவறிய கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அருகில் எந்தப் படியைத் தாண்டிப் போனேன் என்று குறித்தேன். பாதிக்கு மேல் நான்காவது படியில் குதித்தவைதான். அதிகார எல்லையை மீறிய விடைகளை அடித்துவிட்டுப் பார்த்தால் மட்டுமே பதினைந்து கேள்விகள் திருந்துகின்றன. இதய இயக்க மீட்பு வகுப்புக்கும் பதிவு செய்துவிட்டேன்.

ஒரே ஒரு ஐயம். அதிகபட்ச இதயத் துடிப்புக்கு 220இலிருந்து வயதைக் கழிப்பதா, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பதா? என் வயதுக்கு 184, 183 என்று கிட்டத்தட்ட ஒன்றாகவே வருகிறது.

*

இரும்புத்தட்டு எழுதியது:

நாற்பது வயதில் இரண்டும் சரியாக 180 காட்டும்; அதனால்தான் உங்களுக்கு வேறுபாடு தெரியவில்லை. அறுபது வயதுக்குப் போட்டுப் பாருங்கள்: பழைய சூத்திரம் 160, 2001இல் டனாக்கா குழுவினர் வெளியிட்டது 166. இருபது வயதில் தலைகீழாக 200, 194. எந்தச் சூத்திரம் என்று கேள்வியில் சொல்லியிருந்தால் அதையே பயன்படுத்துங்கள். ஓய்வுத் துடிப்பையும் கொடுத்திருந்தால் கார்வோனென் முறையைக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்: அதிகபட்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, விழுக்காட்டால் பெருக்கி, ஓய்வுத் துடிப்பைத் திரும்பக் கூட்ட வேண்டும். உங்கள் 184க்கு ஓய்வுத் துடிப்பு 64 என்றால், 60 விழுக்காட்டில் 136 வரும். கடைசியில் கூட்ட மறப்பவர்களுக்காகவே 72 என்ற விடையும் பட்டியலில் காத்துக்கொண்டிருக்கும்.