புதுப்பிப்பு: வரம்பு மீறிய மழைநீர் மாதிரி

எங்கள் குப்பைக் கிடங்கிலிருந்து வெளியேறும் மழைநீரில் மண்துகள் அனுமதி வரம்பைத் தாண்டிவிட்டது, வண்டல் குட்டையை (மழைநீரைத் தேக்கி மண்ணைப் படியவைக்கும் குட்டை) பெரிதாக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். தேவைப்படவில்லை.

போன வாரம் மழை தொடங்கியதும் குடையோடு நின்று பார்த்தேன். லாரிச் சக்கரங்கள் இழுத்து வந்த சேறு, எடைமேடை ஓரமாகக் காபி நிறத்தில், குட்டையைத் தொடாமலே வெளி வடிகாலுக்கு ஓடியது. முதல் ஓட்டத்தில்தான் அழுக்கு அதிகம். ஓய்ந்தபின் போயிருந்தால் தெரிந்திருக்காது. இப்போது மண்கரை போட்டுக் குட்டைக்குத் திருப்பிவிட்டோம். சக்கரம் கழுவும் இடமும் அமைக்கிறோம்.

அப்புறம், குப்பையைத் தொட்ட நீர் மழைநீர் அல்ல, கசிவுநீர் (குப்பையின் மாசு கலந்த கழிவுநீர்) கணக்கு. அதை மழைநீர் வாய்க்காலில் கலக்கவே விடாதீர்கள்.

வரம்பு மீறலை மறைக்காமல், செய்த திருத்தங்களோடு அறிக்கை அனுப்பிவிட்டேன். அடுத்த மழையில் மறு மாதிரி.