நாயின் அரிப்பு: முதலில் அடக்குவதா, காரணத்தைத் தேடுவதா?

நெடுவழி:
எங்கள் நாய்க்கு நான்கு வயது. கடந்த ஓராண்டில் மூன்று முறை அரிப்பு வந்தது. மூன்று முறையும் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தோம். மாத்திரை தீர்ந்த சில நாள்களில் மூன்று முறையும் அரிப்பு திரும்பிவிட்டது. மாத்திரை உண்ட நாள்களில் அது ஓயாமல் தண்ணீர் குடித்து, இரவில் இரண்டு முறை சிறுநீர் கழிக்க எங்களை எழுப்பியது. காரணம் எதுவானாலும் ஸ்டீராய்டு அரிப்பைப் பெரும்பாலும் குறைத்துவிடுவதால், பிறகு சோதிப்பவருக்குத் தோலில் தடயமே கிடைப்பதில்லை. ஆகவே, காரணம் தெரியும் வரை அரிப்பை அடக்கும் எந்த மருந்தையும் கொடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

தளிர்:
உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் முடிவை ஏற்க முடியவில்லை. நாயின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. சொறியச் சொறியத் தோல் கிழிந்து, அதன் மேல் வழக்கமாக வாழும் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் பெருகி, அவையே புதிய அரிப்பை உண்டாக்குகின்றன. பழைய உணவை நிறுத்தி வேறு உணவை மட்டும் கொடுத்து, உணவு ஒவ்வாமையைக் கண்டறியும் உணவுச் சோதனைக்கே ஏறத்தாழ எட்டு வாரம் ஆகும். அத்தனை நாளும் ஓர் உயிரைச் சொறிய விட்டுவிட்டு நாம் ஆராய்ந்துகொண்டிருப்பது நியாயமா? ஸ்டீராய்டு மட்டுமே வழி என்ற காலமும் போய்விட்டது. 2013இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஒக்லாசிட்டினிப் மாத்திரை ஒரு நாளுக்குள் பலன் காட்டும். லோக்கிவெட்மாப் ஊசி ஏறத்தாழ ஒரு மாதம் தாங்கும். நீங்கள் சொல்லும் தாகமும் சிறுநீர்த் தொல்லையும் பொதுவாக இவற்றில் இல்லை. ஒரு வயது நிரம்பாத நாய்க்கு ஒக்லாசிட்டினிப் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

நெடுவழி:
புதிய மருந்தும் அதே திரையைத்தானே போடுகிறது? என் தங்கை வீட்டு நாய் இடுப்பிலும் வால் அடியிலும் மட்டும் கடித்துக் கடித்து முடியை இழந்திருந்தது. ஒரு தெள்ளுப்பூச்சி கூட இல்லை என்று வீட்டார் எல்லோரும் சொன்னார்கள். நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாரி, உதிர்ந்த கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டினேன். சற்று நேரத்தில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் செம்பழுப்பு வளையம் பரவியது. அது தெள்ளு உறிஞ்சிக் கழித்த இரத்தம். அதன் உமிழ்நீருக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்குச் சில கடிகளே போதும்; பூச்சிகளை நாயே நக்கி விழுங்கிவிடுவதால் நம் கண்ணில் படுவதில்லை. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் படுக்கையிலும் தரை இடுக்கிலும் கிடப்பதால், வீட்டு விலங்குகள் அனைத்துக்கும் சேர்த்துக் குறைந்தது மூன்று மாதமாவது மருந்து இட வேண்டியிருந்தது. மாத்திரையால் அரிப்பை அடக்கியிருந்தால் அந்தச் சீப்பை யார் எடுத்திருப்பார்கள்?

மாடத்துப்புறா:
இருவருமே குளிப்பாட்டுவதைச் சொல்லவில்லையே. வெந்நீரைத் தவிர்த்துக் குளிர்ந்த நீரில், குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்த நாய் ஷாம்பூவைத் தேய்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசினாலே எங்கள் நாய் அன்றிரவு நன்றாக உறங்குகிறது. மனிதர்களின் ஷாம்பூ நாயின் தோலுக்கு ஏற்றதன்று. டீ ட்ரீ எண்ணெயைத் தயவுசெய்து யாரும் தடவ வேண்டாம். நக்கினாலும் தோல் வழியாகச் சென்றாலும் அது நாய்க்கு நஞ்சு. இதைச் சில வாரம் செய்து பார்த்த பிறகு மருத்துவரிடம் போகலாம் என்பது என் எண்ணம்.

தளிர்:
குளியல் நல்லது, அம்மா; சில வாரம் காத்திருப்பதுதான் ஆபத்து. காது ஓரத்திலும் முழங்கையிலும் முடி உதிர்ந்து செதில் கட்டி, வீட்டு மனிதர்களுக்கும் அரிக்கத் தொடங்கினால் அது சொறிச்சிற்றுண்ணியாக இருக்கலாம். எத்தனை முறை குளிப்பாட்டினாலும் அது போகாது. தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் சுரண்டல் சோதனையில் அகப்படாமலும் தப்பிவிடும் என்பதால், சந்தேகம் வலுத்தால் மருத்துவர் சிகிச்சை கொடுத்தே பார்ப்பார். மருந்துக்கு முன் காரணத்தைத் தேட வேண்டும் என்று நெடுவழி சொன்னதை ஓரளவு ஏற்கிறேன். மயிர்க்கால்களில் வாழும் டெமோடெக்ஸ் சிற்றுண்ணியால் நோயுற்ற நாய்க்கு, ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்புத்திறனைக் குறைக்கும் மருந்து கொடுத்தால் நோய் பெருகிவிடும். எனவே முதல் மாத்திரைக்கு முன்பே சுரண்டல் சோதனையும் சீப்புச் சோதனையும் நடக்கட்டும். அவை ஒரே வருகையில் முடிந்துவிடும். அதற்காக நாயை வாரக்கணக்கில் வாட விட வேண்டியதில்லை.

மாடத்துப்புறா:
காத்திருப்பது பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தெள்ளு மருந்தைப் பற்றி ஒரு சொல்: அஃபோக்சோலானெர், ஃப்ளூராலானெர் வகை மாத்திரைகளால் சில விலங்குகளுக்கு வலிப்பு வரக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்தது. முன்பு வலிப்பு வந்த நாயானால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்து பூனைக்கு உயிராபத்து.

நெடுவழி:
அப்படியானால் நானும் ஓரளவு இறங்கி வருகிறேன். உணவுச் சோதனையின் முதல் சில வாரம் மருந்து கொடுக்கலாம். ஆனால் கடைசி வாரங்களில் அதை நிறுத்திப் பார்த்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அரிப்பு தணிந்தது உணவாலா மருந்தாலா என்று தெரியாது. பழைய உணவுக்குத் திரும்பும்போது அரிப்பும் திரும்பினால்தான் உணவே காரணம் என்பது உறுதியாகும். இரத்தப் பரிசோதனை இதற்கு நம்பத்தக்கதன்று.

தளிர்:
நிறுத்திப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உணவு, தெள்ளு, சிற்றுண்ணி எதுவும் இல்லை என்றான பிறகு எஞ்சுவது பெரும்பாலும் சுற்றுப்புற ஒவ்வாமைதான். மூன்று வயதுக்குள் தொடங்கி, பாதம், முகம், அக்குள், வயிறு என்று பரவும் அதற்கு நிரந்தரத் தீர்வு அரிது. அப்போதும் மருந்தை நிறுத்தச் சொல்வீர்களா?

நெடுவழி:
அந்த நிலையில் சொல்ல மாட்டேன். எங்கள் நாயின் முன்பாதங்களில் வெள்ளை முடி துரு நிறமாகியிருப்பதை இப்போதுதான் உற்றுப் பார்த்தேன். ஓயாமல் நக்கியதால் ஏறிய எச்சில் கறை அது. நாளை சீப்பையும் ஈரத்தாளையும் வைத்துத் தொடங்குகிறேன். சுரண்டல் சோதனைக்கும் நேரம் கேட்டிருக்கிறேன்.