ஸ்க்ராட்ச்: ஒரு தேங்காய் பிடிச்சா 14 பாயின்ட் ஏறுது, காய் அடியில ஒட்டிக்குது

கேள்வி – பொள்ளாச்சி

வணக்கமுங்க. பையனுக்கு 8 வயசு. ஸ்க்ராட்ச்ல (பிளாக்குகளை அடுக்கி நிரல் எழுதற, குழந்தைங்களுக்கான மொழி) மேல இருந்து விழுகிற தேங்காயைக் கூடையில பிடிக்கிற கேம் செய்யறானுங்க. ஃபார்எவருக்குள்ள (விடாம சுத்தற பிளாக்) மூணு விசயம் இருக்குது: ஒய்-ஐ (மேல-கீழ இடம்) −5 மாத்து, கூடையைத் தொட்டா ஸ்கோர்ல 1 கூட்டு, ஒய் −180-க்குக் கீழ போனா மேல 160-க்குப் போ. காய் 30 உயரம், கூடை 40 உயரம், கூடை நிக்கிறது ஒய் −140-ல.

ஒரு காய்க்கு ஸ்கோர் 14 ஆகுதுங்க. பிடிச்சாலும் விட்டாலும் காய் அடியிலயே நின்னுக்குது. பைத்தானுக்கு (தட்டச்சு பண்ணி எழுதற நிரல் மொழி) மாத்திரலாமுங்களா?

பதில் – ஈரோடு

பைத்தான் இப்ப வேண்டாமுங்க. இந்தக் குழப்பம் அங்கேயும் இப்படியே வரும், கூடவே எழுத்துப்பிழை, இடைவெளி தப்புன்னு தட்டச்சுத் தொல்லையும் சேரும்.

ஃபார்எவர் ஒரு நொடிக்கு 30 தடவை சுத்துது. காயோட அடி கூடையைத் தொட்டதுல இருந்து காயோட தலை கூடையைத் தாண்டற வரைக்கும் 40-ம் 30-ம் சேர்த்து 70 தூரம். சுத்துக்கு 5 இறங்குனா 14 சுத்து. ஒவ்வொரு சுத்துலயும் "தொடுதா? ஆமா" தான், அதனால 14 பாயின்ட்.

இதை நீங்க சொல்லிராதீங்க. −5-ஐ −10 ஆக்கி ஓட்டச் சொல்லுங்க. ஸ்கோர் 7 பக்கம் நிக்கும். "வேகம் கூடுனா ஏன் பாயின்ட் குறையுது?"ன்னு மட்டும் கேட்டுட்டு மவுஸை அவன் கையிலேயே விட்டுருங்க. யோசிச்சுப் பிடிச்சுக்குவான். தீர்வு ஒரே பிளாக்: ஸ்கோரைக் கூட்டுன கையோட, அதே இஃப்-க்குள்ள (தொடுதான்னு பார்க்கற பிளாக்), காயை ஒய் 160-க்கு அனுப்பிருங்க. எக்ஸ்-க்கு (இட-வல இடம்) −220-ல இருந்து 220 வரைக்கும் பிக் ரேண்டம் (ஏதாவது ஒரு எண்).

சில பேரு மேல அனுப்பறதுக்குப் பதிலா அந்த இடத்துல வெயிட் 1 செகண்ட் போடச் சொல்லுவாங்க. போடாதீங்க. காய் கூடை மேல ஒரு நொடி உறைஞ்சு நிக்கும், அப்புறம் 5 இறங்கியும் தொட்டுட்டே இருக்கறதால இன்னொரு பாயின்ட் ஏறும்.

அடியில ஒட்டறது வேற காரணம். ஸ்டேஜ் (ஆட்டத் திரை) 480-க்கு 360, அடி விளிம்பு −180. ஸ்ப்ரைட் (காய், கூடை மாதிரி உருவம்) முழுசா வெளிய போயிறாம ஸ்க்ராட்ச் பிடிச்சு நிறுத்தும். 30 உயரக் காயோட நடுப்புள்ளி −180-க்குக் கீழ இறங்காது, அதனால "−180-ஐ விடக் குறைவு" ஒருக்காலும் உண்மையாகாது. மோஷன்ல ஒய் பொசிஷன் பக்கத்துல இருக்கற கட்டத்தை டிக் பண்ணுனா எண் ஸ்டேஜ்லயே தெரியும், எங்க நிக்குதுன்னு பையனே பார்க்கலாம். நிபந்தனையை −170 ஆக்குங்க.

பச்சைக் கொடிக்குக் கீழ முதல் பிளாக்கா ஸ்கோரை 0 ஆக்குறதும் இருக்கோணும். இல்லீன்னா போன ஆட்டத்து ஸ்கோர்ல இருந்தே தொடரும்.

கேள்வி – பொள்ளாச்சி

ரண்டும் சரியாயிருச்சுங்க. −10 போட்டு 7 வந்ததும் "அது தொட்டுட்டே இருக்குதுப்பா"ன்னு அவனே சொல்லீட்டான். இப்ப ஒரே நேரத்துல நாலஞ்சு காய் விழுகோணுமாம். தேங்காய் ஸ்ப்ரைட்டையே அஞ்சு காப்பி எடுத்துட்டானுங்க.

பதில் – உடுமலை

காப்பி எடுத்தா ஒரு திருத்தத்தை அஞ்சு இடத்துல செய்யோணும். அந்த அஞ்சையும் அழிச்சுட்டு குளோன் (ஆட்டம் ஓடறப்பவே உருவாகிற நகல்) பழக்குங்க, சரியான நேரம் இதுதான்.

பச்சைக் கொடி: ஹைட், அப்புறம் ஃபார்எவருக்குள்ள கிரியேட் குளோன், வெயிட் 1. "நான் குளோனா தொடங்குறப்ப" பிளாக்குக் கீழ: எக்ஸ் ரேண்டம், ஒய் 160, ஷோ, அதுக்கும் கீழ விழுகிற ஃபார்எவர். மேல அனுப்புன ரண்டு இடத்துலயும் இனி டிலீட் திஸ் குளோன். அதுக்கு அடியில எந்த பிளாக்கும் ஒட்டாது, அதனால ஸ்கோர் கூட்டுறதை அதுக்கு முன்னாடியே வெச்சுருங்க.

தப்பு நடக்கற இடம் ரண்டு. கிரியேட் குளோனைக் குளோனோட ஃபார்எவருக்குள்ள போட்டா, ஒவ்வொரு காயும் காய் போட ஆரம்பிச்சு திரை நொடியில நிறைஞ்சுரும். தவறவிட்ட காயை டிலீட் பண்ணாம விட்டாலும் வம்பு: 300 குளோன்தான் உச்சம், நொடிக்கு ஒண்ணு தேங்குனா அஞ்சு நிமிசம் வாக்குல புதுக் காய் நின்னு போகும்.

காய்க்குக் காய் வேகம் மாறோணும்னா "வேகம்"ங்கற வேரியபிளை (மதிப்பை வெச்சுக்கற பெட்டி) "இந்த ஸ்ப்ரைட்டுக்கு மட்டும்"னு உருவாக்குங்க, ஒவ்வொரு குளோனுக்கும் தனி மதிப்பு கிடைக்கும். குளோனாத் தொடங்குனதும் அதுல −4-ல இருந்து −8 வரைக்கும் ரேண்டம் போட்டு, ஒய் மாத்துற பிளாக்ல −5 இருந்த இடத்துல வேகத்தை வைங்க. ஸ்கோர் மட்டும் "எல்லா ஸ்ப்ரைட்டுக்கும்"னே இருக்கட்டுங்க.