நாஸில் வேகம் 11 எம்பியைத் தாண்டவில்லை, டிஸ்க் போய்விட்டதா?

கேட்பவர், மன்னார்குடி:
வணக்கம். கல்யாண வீடியோ எடுக்கிறேன். பழைய வேலையெல்லாம் ஏழெட்டு ஹார்ட் டிஸ்க்கில் சிதறிக் கிடந்தது. எந்தக் கல்யாணம் எதில் என்று தேடியே பாதி நாள் போய்விடும். அதனால் மார்கழியில் இரண்டு 4 டிபி டிஸ்க் போட்ட நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லாக் கருவியும் பயன்படுத்தும் டிஸ்க் பெட்டி) வாங்கி, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பிரதி எழுதும் ரெய்டு 1 அமைத்தேன். கம்ப்யூட்டர் பேக்கப் அதில்தான். அப்பா ராத்திரி டிவியில் கோயில் கச்சேரி பார்ப்பதும் அதிலிருந்துதான். நாஸும் ரூட்டரும் கூடத்தில், எடிட்டிங் கம்ப்யூட்டர் மாடியில். நடுவில் கேபிள் ஓட்டுக்கு அடியில், உத்தரத்தை ஒட்டிப் போகிறது. எல்லாமே கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்). முதலில் நொடிக்கு 110 எம்பி வந்தது. பொங்கலுக்கு அப்புறம் 11தான். ஒன்றரை டிபி ஏற்ற ஒன்றரை நாளுக்கு மேல் ஆகிறது.

பதில், கும்பகோணம்:
டிஸ்க் மேல் பழி போடாதீர்கள் சார். அந்த 11தான் துப்பு. எட்டு பிட் ஒரு பைட், அதனால் 100 எம்பிபிஎஸ்ஸை (நொடிக்கு 100 மெகாபிட்) எட்டால் வகுத்தால் 12.5 எம்பி, சில்லறைச் செலவு போக 11 சொச்சம்தான் கைக்கு வரும். கிகாபிட் ஓட கேபிளில் நான்கு ஜோடியும் வேண்டும், 100க்கு இரண்டே போதும். மற்றதில் ஒன்று அறுந்தால் பெரும்பாலும் இணைப்பு போகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். விண்டோஸில் லிங்க் ஸ்பீட் என்ன காட்டுகிறது? லேப்டாப்பைக் கூடத்துக்குக் கொண்டுபோய் வேறு கேபிளில் ரூட்டரோடு இணைத்தும் பாருங்கள்.

கேட்பவர்:
மாடியில் 100, கூடத்தில் 1000! ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். கேபிள் வளைகிற இடத்தில் எலி கடித்திருக்கிறது. ஆரஞ்சு, பச்சை ஜோடிகளில் கீறல்கூட இல்லை, பழுப்பு மட்டும் துண்டாகத் தொங்குகிறது. அறுப்பு முடிந்தால் வயலெலி வீட்டுக்கு வருவது தெரிந்ததுதான். நெல் மூட்டையைத்தான் காவல் காத்தோம்.

பதில், வேதாரண்யம்:
தம்பி, வேகம் கிடக்கட்டும். ரெய்டு 1 பேக்கப் ஆகாது. ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும், அவ்வளவுதான். நீங்கள் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அப்போதே போய்விடும். 2018 நவம்பர் 16, கஜா புயல் அன்று எங்கள் ஓடு பறந்ததில் கம்ப்யூட்டரும் பக்கத்திலேயே வைத்திருந்த பேக்கப் டிஸ்க்கும் ஒன்றாக நனைந்தன. பழைய டிஸ்க்குகளைத் தூக்கிப் போடாமல் ஒரு பிரதி எடுத்து வேறு ஊரில் வையுங்கள்.

பதில், கும்பகோணம்:
அண்ணன் சொல்வது சரி. இன்னொன்று: கரண்ட் போகும்போது நாஸ் அணைந்து எழுகிறதா? வீட்டு இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோடுக்கு (கரண்ட் போனதும் கருவி அணையாதபடி சட்டென்று பேட்டரிக்கு மாறுவது) ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் நாஸுக்கு ஒரு சின்ன யூபிஎஸ் தனியாக வேண்டும்.

கேட்பவர்:
ஸ்விட்ச் இருந்தது, மாற்றிவிட்டேன். புது கேட் 6 கேபிளை பிவிசி குழாய்க்குள் விட்டு இழுத்தாயிற்று, 108 வருகிறது. ஐந்து டிஸ்க் தஞ்சாவூரில் அக்கா வீட்டு பீரோவுக்குப் போகிறது. "என் கல்யாணம் இதில் எதுலடா இருக்கு?" என்று கேட்டாள். அதைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.