அப்பாயி கார்டு

குழு: மேலத்தெரு சொந்தங்கள்

மணி: அப்பாயிக்கு ரேஷன் கடையில இந்த மாசமும் கைரேகை விழல. பத்து விரலும் வச்சுப் பாத்தாச்சு

மணி: போன மாசத்து 12 கிலோ அரிசி, பருப்பு, பாமாயில் எல்லாம் போச்சு. இந்த மாசமாவது வாங்கணும்

சுமதி அக்கா: விடு மணி. ரேஷன் அரிசில பிளாஸ்டிக் கலக்குறாங்களாம். இத பாரு

சுமதி அக்கா: [வீடியோ – பலமுறை பகிரப்பட்டது]

திவ்யா: ஐயோ

பாபு: எங்க வீட்லயும் ஊறவச்சா சிலது மிதக்குது. அம்மா பொறுக்கி எடுத்து கோழிக்குப் போட்டுடும்

கலா அத்தை: பாபு, சத்தே அதுலதான்டா இருக்கு

சேகர் சித்தப்பா: யாரும் எதையும் கொட்ட வேண்டாம். அது செறிவூட்டின அரிசி. அரிசி மாவுல இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூணையும் கலந்து, மிஷின்ல அழுத்தி அரிசி மாதிரியே வெட்டி எடுப்பாங்க. அந்த மணியில 1 கிலோவுக்கு சாதா அரிசி 99 கிலோ. அதாவது நம்ம 20 கிலோல 200 கிராம். உள்ள காத்து நின்னா மிதக்கும். மாவுல செஞ்சதால நிறம் கொஞ்சம் மங்கலா, மஞ்சளா தெரியும். திருச்சி மாவட்டத்துல 2020ல முதல்ல கொடுத்துப் பாத்துட்டு அப்புறம்தான் தமிழ்நாடு முழுக்க வந்துச்சு.

திவ்யா: வீடியோல சோத்த உருட்டி எறியுறாங்க, பந்து மாதிரி குதிக்குதே

சேகர் சித்தப்பா: பொன்னி அரிசிச் சோத்த அழுத்தி உருட்டினாலும் குதிக்கும்மா. மாவுச்சத்தோட பிசுபிசுப்பு அது. சந்தேகம் இருந்தா வீட்லயே பாக்கலாம். மிதக்குற மணி பத்த எடுத்து காயத்துக்குப் போடுற டிங்சர் அயோடின் ஒரு சொட்டு விடுங்க. கருநீலமா மாறினா மாவுச்சத்து. பிளாஸ்டிக்னா மருந்தோட பழுப்பு நிறம் அப்படியே நிக்கும். இன்னொரு பத்து மணிய கரண்டில வச்சு அடுப்புல காட்டுங்க. அரிசி கருகி அடை தீஞ்ச வாசனை வரும். பிளாஸ்டிக் உருகி நூலா இழுக்கும், நாத்தம் மூக்கைத் துளைக்கும். சோதிச்ச மணிய சாப்பிடாதீங்க.

சரோஜா பெரியம்மா: காலை வணக்கம். இன்று பிரதோஷம்

சுமதி அக்கா: எல்லாரும் அனுப்பினாங்க, நானும் அனுப்பிட்டேன்

கலா அத்தை: அங்கன்வாடி பிள்ளைங்க சாப்பிடுறதும் இதே அரிசிதான் சுமதி. ரெண்டு தடவ லேசா அலசினா போதும், அழுத்தித் தேய்க்காத. கஞ்சி வடிச்சுக் கொட்டினா சத்துல கொஞ்சம் சாக்கடைக்குப் போயிடும். குக்கர்ல வை, இல்ல வடிச்ச கஞ்சிய உப்பு போட்டுக் குடி. சாப்பிட்ட கையோட டீ குடிச்சா இரும்புச்சத்து உடம்புல சரியா சேராது, ஒரு மணி நேரம் தள்ளு. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேத்துக்கிட்டா நல்லா சேரும். தலசீமியா, அரிவாள் செல் ரத்தச்சோகை உள்ளவங்க மட்டும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சாப்பிடணும்.

பாபு: எங்க தெருவுல வண்டி வச்சு ரேஷன் அரிசி வாங்குறான். பாதிப் பேரு அவன்கிட்டதான் போடுறாங்க

சேகர் சித்தப்பா: இந்த மாதிரி வீடியோவால லாபம் அவனுக்குத்தான். சல்லிசா வாங்கி, மில்லுல பாலிஷ் போட்டு, புதுச் சாக்குல இட்லி அரிசினு நமக்கே விப்பான். இல்ல, எல்லை தாண்டிப் போயிடும். விக்கிறதும் வாங்குறதும் ரெண்டுமே குத்தம். வேண்டாதவங்க சர்க்கரை கார்டா மாத்திக்கலாம். அரிசிக்குப் பதிலா 3 கிலோ சர்க்கரை கூட வரும்.

மணி: சித்தப்பா, அப்பாயி விஷயம்

திவ்யா: பேசாம அப்பாயி பேர மணி அண்ணன் கார்டுல சேத்துட்டா? யாராவது ஒருத்தர் ரேகை வச்சா போதும்ல?

பாபு: அதான. சோறு அங்கதான

மணி: சோறு இங்கதான். தனி கார்டு போட்டது யாருன்னு பெரியப்பாவ கேளு

பாபு: பாகம் பிரிச்சப்ப எல்லாரும் சேந்து எடுத்த முடிவு அது

சரோஜா பெரியம்மா: இங்க அத பேச வேண்டாம்

சேகர் சித்தப்பா: சேக்கவே கூடாது. கணக்கப் பாருங்க. மணியோடது முன்னுரிமை இல்லாத கார்டு, அதாவது மத்திய அரசு உணவுச் சட்டத்துல வராதது. ஒருத்தருக்கு 12, ரெண்டு பேருக்கு 16, மூணு பெரியவங்களுக்கு 20, அதுக்கு மேல எத்தனை பேரு இருந்தாலும் 20தான். மணி வீட்ல இப்பவே நாலு பேரு. அப்பாயி சேந்தா ஒரு மணி அரிசி கூட ஏறாது. தனி கார்டோட 12 கிலோ அரிசி, 30 ரூபா துவரம் பருப்பு ஒரு கிலோ, 25 ரூபா பாமாயில் ஒரு லிட்டர், மூணும் போயிடும். முன்னுரிமை கார்டா இருந்தா அது வேற கணக்கு.

திவ்யா: ஓ

மணி: அப்ப ரேகைக்கு?

சேகர் சித்தப்பா: அப்பாயி எந்த விரலால வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுது? அந்த விரலும் பாத்திரம் தேச்ச விரலும் விழாது, வரி தேஞ்சிருக்கும். மோதிர விரல், சுண்டு விரல மொதல்ல வைங்க. வெந்நீர்ல சோப்பு போட்டுக் கழுவி நல்லா துடைக்கணும். ஈரமா இருந்தாலும் படியாது, வறவறன்னு இருந்தாலும் படியாது. அதுவும் ஆகலைன்னா கருவிழி மிஷின் இருக்கானு கேளுங்க. ஆதார் மையத்துல ரேகைய புதுசா எடுக்குறதும் நல்லது. நிரந்தர வழின்னா அங்கீகாரச் சான்று படிவம். நடக்க முடியாத பெரியவங்களுக்குப் பதிலா இவர் வாங்குவார்னு எழுதிக் கொடுக்குறது. அதே கடையில கார்டு இருக்குற மணி பேரப் போடுங்க. ரேகை விழலைன்னு வெறுங்கையோட அனுப்பினா 1967க்குப் போன் போட்டுப் புகார் எண் வாங்கிக்கங்க.

சுமதி அக்கா: வீட்டுக்கே கொண்டாந்து தர்றாங்களே, தாயுமானவர் திட்டம்

மணி: அப்பாயி பேரு லிஸ்ட்ல இல்ல. எதிர்வீட்டு ஆயாவுக்கு வருது

சேகர் சித்தப்பா: 2025 ஆகஸ்ட்ல தொடங்கினப்ப 70 வயசு வச்சாங்க. ஆதார்ல என்ன வருஷம்?

மணி: 1964

கலா அத்தை: மூத்த அண்ணன் பொறந்ததே 66 தானே!

பாபு: ரெண்டு வயசுல பெத்துடுச்சா

திவ்யா: அப்பாயி பயங்கரம்

சேகர் சித்தப்பா: கார்டு எடுக்கும்போது எவனோ குத்துமதிப்பா போட்டிருக்கான். ஆதார்ல பிறந்த தேதிய சாதாரணமா ஒரு தடவதான் திருத்த முடியும். அதனால அவசரப்பட்டு இன்னொரு தப்பு வருஷத்த ஏத்திடக் கூடாது. எந்தெந்த சான்று செல்லும்னு மையத்துல கேட்டுட்டுக் கையில காகிதத்தோட போங்க.

பாபு: சித்தப்பா, திருப்பூர்ல எங்க லைன் வீட்ல ஒடிசாக்காரங்க இருக்காங்க, அஞ்சு பேரு. கடையில அரிசி கிலோ 50க்கு மேல கொடுத்து வாங்குறாங்க. அவங்களுக்கு இங்க ஏதாவது உண்டா?

சேகர் சித்தப்பா: உண்டு. ஒரே நாடு ஒரே ரேஷன். தமிழ்நாட்டுல 2020 அக்டோபர்லேந்து இருக்கு. ஊர்ல முன்னுரிமை கார்டும் அதுல ஆதாரும் இணைஞ்சிருந்தா, பக்கத்து ரேஷன் கடையில ரேகை வச்சு தலைக்கு 5 கிலோ இலவசமா வாங்கலாம். மத்திய அரசு பங்கு மட்டும்தான், பருப்பு எண்ணெய் வராது. இவங்க பங்க இங்க வாங்கிட்டு மிச்சத்த ஊர்ல இருக்குற குடும்பமும் வாங்கிக்கலாம். கடைக்காரர் தெரியாதுன்னு சொன்னா விடாதீங்க, கூடப் போயி கேளுங்க. மொழி தெரியாம நின்னுட்டுத் திரும்பிடுவாங்க, அந்த அரிசி யாருக்கும் இல்லாம போகும்.

பாபு: சரி, நாளைக்கே கேக்குறேன்

சரோஜா பெரியம்மா: காதுகுத்துக்கு எத்தன பேருன்னு யாரும் இன்னும் சொல்லல

கலா அத்தை: நாங்க ஆறு

மணி: அப்பாயிய ஆதார் மையத்துக்கு யாரு கூட்டிட்டுப் போறது? எனக்கு சனிக்கிழமை நடவு

திவ்யா: நான் அடுத்த வாரம்தான் ஊருக்கு வருவேன்

பாபு: அப்பாட்ட சொல்றேன். வண்டி வச்சுக்கிட்டு வரச் சொல்றேன்

மணி: பெரியப்பா வருவாரா?

பாபு: கேட்டுப் பாக்குறேன்

சுமதி அக்கா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கலா அத்தை: நல்லது சுமதி. வந்த குழுவுலயும் சொல்லிடு

மணி: அப்பாயிட்ட வருஷத்த கேட்டேன். கீழ்த்தெரு கோயில் கும்பாபிஷேகம் நடந்த வருஷம் வயசுக்கு வந்துச்சாம். அது எந்த வருஷம்?

சேகர் சித்தப்பா: கோயில் கல்வெட்டுல இருக்கும். போட்டோ எடுத்துப் போடு